கத்தரிப்பூ நிறத்தில் ஓர் அரிவாள்

அப்பாவின் கைகளைப் பார்த்தாலே அந்த வாரம் ஆரணித் தறிகளில் என்ன நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். கல்யாண மாதங்களில் முழங்கை வரை அரக்குச் சிவப்பு. வேலை குறையும் ஆடியில் வெளிறிய பழுப்பு. ஒரு தீபாவளிக்கு முன்பு இரண்டு கைகளும் மயில்கழுத்துப் பச்சையில் இருந்தன. "வருசம் பூரா மருதாணி வெச்சிகினு சுத்தற மாப்ளை" என்று தெருப் பெண்கள் அவரைக் கேலி செய்வார்கள். அவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து போய்விடுவார்.

பட்டுச் சாயப்பட்டறையில் அடுப்பெரிக்கச் சேர்ந்து, பிறகு சாயம் தோய்ப்பவரானவர் அவர். செப்பு அண்டாவில் சாயத் தண்ணீர் கொதிக்கும். பட்டு நூல் கழிகளைக் கோலில் மாட்டி, முக்கித் திருப்பி, திருப்பி முக்க வேண்டும். கழியை எந்த நொடியில் தூக்குவது என்பதற்குக் கடிகாரம் கிடையாது, கண்தான். நிறத்தை வெயிலில் மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். விளக்கு வெளிச்சத்தில் எல்லா நிறமும் பொய் சொல்லும் என்பார். மற்றபடி அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

இரும்பைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் எழுபதுகளின் கடைசியில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவர் எங்கள் வீட்டுப் பின்னால் முருங்கை மரத்தடியில் ஓர் அரிவாள் செய்ய ஆரம்பித்தார்.

காரணம் அம்மா. அம்மா அறுப்புக்குப் போவாள். அவளையும் சேர்த்து எட்டுப் பெண்கள். அந்த எட்டில் ஒருத்தியாக அறுத்துக்கொண்டே அவர்களை நடத்துவது என் பெரியம்மா, அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. நிலத்துக்காரரிடம் பேசி வயலை மொத்தமாக எடுப்பது, ஆளுக்கொரு பங்கு வயலை வரிசையாகப் பிரித்துக் கொடுப்பது, சாயங்காலம் கூலி நெல்லைச் சமமாக அளப்பது எல்லாம் பெரியம்மாதான். கூலி சமம் என்பதால் வேலையும் சமமாக இருக்க வேண்டும். அம்மாவின் வரிசை மட்டும் எப்போதும் பின்தங்கி நிற்கும். தன்னுடையதை முடித்தவர்கள் திரும்பி வந்து அவளுடையதை அறுத்துக் கொடுப்பார்கள், அதுவும் சும்மா இல்லை, வாயால் அறுத்துக்கொண்டே.

போன அறுப்பின் கடைசி நாள் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னாள்: "தபாருடி, இன்னும் ஒரு போகம் பாப்பேன். அப்பவும் நீ பின்னாடியே நின்னுகினு இருந்தா வேற ஆள இட்டாந்துடுவேன். தங்கச்சின்னு எத்தினி நாளைக்கு நான் ஏச்சு வாங்கறது?"

எங்கள் வீட்டில் சாயப்பட்டறைச் சம்பளம் அரிசியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் போய்விடும். அரிசி என்பது அம்மா கொண்டுவரும் நெல்தான். அந்த இடம் போனால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அம்மா இடக்கைக்காரி. சாப்பிடுவதற்கும் பிறருக்கு எதையாவது கொடுப்பதற்கும் மட்டும் வலக்கை. அதை அடித்துப் பழக்கியிருந்தார்கள். கோலம், துடைப்பம், தண்ணீர் சேந்துவது, என் முதுகில் ஒன்று வைப்பது எல்லாம் இடக்கை. வயலில் அதற்கு ஒரு ஏற்பாடு இருந்தது. அறுப்பு தொடங்கும்போது எல்லாரும் கிழக்கே பார்த்து நின்று முதல் பிடியை வலக்கையால் அறுக்க வேண்டும். அம்மாவும் அப்படியே அறுத்து வைப்பாள். அதன்பிறகு அரிவாளை இடக்கைக்கு மாற்றிக்கொள்வாள். நிலத்துக்காரர் வீட்டினர் வரப்பில் வந்து நின்றால் மறுபடியும் வலக்கை. முதல் பிடியில் இடக்கை பட்டால் அந்த வயல் அடுத்த போகம் விளையாது என்று அவர்கள் நம்பினார்கள்.

பெரியம்மா எச்சரித்துப் போன சில நாட்களுக்குப் பிறகு, அப்பா அம்மாவின் அரிவாளை எடுத்துக்கொண்டு வேலியோரப் புல்லண்டை உட்கார்ந்திருந்தார். வலக்கையால் ஒரு பிடி அறுத்தார். இடக்கையால் ஒரு பிடி அறுத்தார். அரிவாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் இரண்டு கையாலும் அறுத்தார். ஆட்டுக்குப் புல் அறுக்கிறார் என்று நினைத்து நான் கூடையை எடுத்துப் போனேன். எங்களிடம் அப்போது ஆடு இல்லை என்பது கூடையை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அன்று அவர் கண்டுபிடித்தது இதுதான். கதிர் அறுக்கும் கருக்கரிவாளுக்குப் பற்கள் உண்டு. கொல்லர் உளியால் வரிசையாக வெட்டும் சின்னச் சின்னப் பற்கள். அதற்குத்தான் கருக்கு என்று பெயர். அந்தக் கருக்கு அலகின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், மறுபக்கம் மொழுக்கென்று விடப்பட்டிருக்கும். வலக்கையில் பிடித்தால் பற்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் இருந்து தாளைக் கவ்வும். அதே அரிவாளை இடக்கைக்கு மாற்றினால் பற்கள் எதிர்ப்பக்கம் போய்விடும். தாள் வழுக்கும். ஒரு இழுப்பில் அறுபட வேண்டியது மூன்று இழுப்பில் அறுபடும். கல்யாணமாகிப் பத்து வருடங்களாக, அதற்கு முன் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே, அம்மா தனக்கு எதிரான ஓர் அரிவாளை வைத்துக்கொண்டு அறுத்துக்கொண்டிருந்தாள். ஊரில் விற்பதெல்லாம் வலக்கை அரிவாள். அரிவாளுக்கு இடம் வலம் உண்டு என்பதே அறுக்கிறவர்களுக்குத் தெரியாது, அவள் உட்பட.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பல வருடங்கள் கழித்து. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்குத் திடீரென்று இரும்புப் பைத்தியம் பிடித்துவிட்டது என்பதுதான்.

காயலான் கடையிலிருந்து ஒரு முழத் தண்டவாளத் துண்டு வந்தது. இரும்பை வைத்து அடிக்க அதைப் புளியங்கட்டையில் பதித்தார். கையால் சுற்றும் பழைய ஊதுகாற்றாடி ஒன்று வந்தது, ஒரு றெக்கை இல்லாமல். தரையில் குழி தோண்டி, களிமண் பூசி, காற்றாடியிலிருந்து ஒரு குழாயைச் சொருகினார். கொட்டாங்குச்சிக் கரி நாங்களே சுட்டோம். சாயப்பட்டறைக்கு அமாவாசைக்குத்தான் விடுமுறை. அதனால் அவருடைய இரும்புப் பட்டறை நடந்தது காலையில் வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம், அமாவாசையன்று முழுநாள்.

முதல் அரிவாள் கட்டடக் கம்பியில். நன்றாக வளைந்தது, நன்றாகத் தட்டையானது, அப்பா ஒரு மணி நேரம் அதைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். புல்லில் வைத்து இழுத்தபோது அலகு மடங்கியது, அப்பளம் நமத்துப்போன மாதிரி. எத்தனை தடவை காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் அந்தக் கம்பி கெட்டிப்படுகிற ஜாதியில்லை என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

இரண்டாவதற்கு ரைஸ்மில் ஃபிட்டரிடமிருந்து தேய்ந்துபோன பெரிய அரங்கள் இரண்டு வாங்கி வந்தார். முதல் அரத்தைக் காய்ச்சி அடித்து, வளைத்து, பல் வெட்டி, செக்கச்செவேலென்று காய்ச்சி வாளித் தண்ணீரில் விட்டார். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். வெளியே எடுத்தபோது அலகின் நடுவில் தலைமுடி போல ஒரு கோடு. விரலால் தட்டினார், இரண்டாகப் போனது. பதினைந்து நாள் வேலை. அவர் இரண்டு துண்டுகளையும் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டுக் கைகழுவி வேலைக்குப் போனார்.

அம்மா அன்று சாயங்காலம் கேட்டாள். "ஏங்க, எனக்காவ இவ்ளோ பேஜாரு படணுமா? நான் இன்னும் கொஞ்சம் ஜல்தியா அறுக்கறேனே."

"உன் கையில தப்பில்ல" என்றார் அப்பா.

அவ்வளவுதான் சொன்னார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஃபிட்டர் சொல்லி அனுப்பியிருந்தார், அரத்தைத் தண்ணீரில் விட்டால் கண்ணாடி மாதிரி உடையும், எண்ணெயில் விடு என்று. எங்கள் வீட்டில் இருந்த எண்ணெய் சமையலுக்கு வைத்திருந்த கடலை எண்ணெய். அது ஒரு மண் குடுவையில் இறங்கியது. அடுத்த அமாவாசையன்று இரண்டாவது அரம், அரிவாளாகி, சிவந்து, அந்த எண்ணெய்க்குள் போனது. புகை முருங்கை மரத்துக்கு மேலே எழுந்தது. எங்கள் தெரு நாள் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கிற தெரு, சுத்தியல் சத்தம் யாரையும் உறுத்தவில்லை. இந்த வாசனை உறுத்திவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா, வடை சுடறீங்களா? தெருக்கோடி வரைக்கும் வருது."

"ஆமா, இரும்பு வடை" என்றாள் அம்மா. "பல்லு கெட்டியா இருந்தா ரெண்டு வாங்கிகினு போ."

இம்முறை விரிசல் விழவில்லை. ஆனால் அப்படியே விட்டால் கீழே விழுந்ததும் உடையும். கெட்டிப்பட்ட இரும்பைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். அப்பா அலகைச் செங்கல் தூளால் வெள்ளைவெளேரென்று தேய்த்தார். ஒரு தடித்த இரும்புப் பட்டையைக் காய்ச்சி வெயிலில் வைத்து, அதன்மேல் அரிவாளின் முதுகை வைத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, அண்டாவில் கழியைப் பார்ப்பது போலவே அதைப் பார்த்தார்.

வெள்ளை இரும்பில் வைக்கோல் நிறம் ஊறியது. முதுகிலிருந்து அலகை நோக்கி மெல்ல நகர்ந்தது. வைக்கோலுக்குப் பின்னால் பழுப்பு. பழுப்புக்குப் பின்னால் கத்தரிப்பூ. அதற்குப் பின்னால் நீலம் வரத் தொடங்கியது. பல் இருந்த ஓரத்தில் கத்தரிப்பூ நிறம் வந்து நின்ற நொடியில் அப்பா அரிவாளைத் தூக்கி எண்ணெயில் போட்டார். அன்று அவரிடம் எந்தத் தயக்கமும் இல்லை. முந்தைய மூன்று மாதங்களில் அவர் இரும்போடு செய்த எல்லாமே தட்டுத்தடுமாறித்தான். இது மட்டும் அவருடைய வேலை.

"இங்க வந்து பாரேன்" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா சோற்றை வடியவிட்டு வந்தாள். வெயிலில் அரிவாளை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டினார். முதுகில் நீலம், ஓரத்தில் கத்தரிப்பூ, அடியில் அரத்தின் பழைய வரிகள் தேய்ந்தும் தேயாமலும் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன.

"இந்தக் கலரு எந்த அண்டாவுலயும் வராது" என்றார்.

"வந்தா மட்டும் நமக்கு கட்டிக்கவா குடுக்கப் போறாங்க?" என்றாள் அம்மா. ஆனால் அரிவாளை வாங்கி இடக்கையில் பிடித்துக்கொண்டு அவள் நின்ற விதம், புதுப்புடவையின் முந்தானையைத் தோளில் போட்டுப் பார்க்கிறவர்கள் நிற்கும் விதம்தான்.

அப்பா கருக்கை எதிர்ப்பக்கத்தில் வெட்டியிருந்தார் என்பதை நான் கவனிக்கவில்லை. யாரும் எனக்குச் சொல்லவும் இல்லை.

தை அறுப்பு நெருங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெரியம்மா தன்னுடையதையும் சேர்த்துத் தன் ஆட்களின் ஏழு அரிவாள்களை வைக்கோல் புரியால் கட்டி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு அறுப்புக்கு முன்பும் அவற்றைக் கொல்லரிடம் கொடுத்துப் புதுக் கருக்கு வெட்டி வாங்க வேண்டும். அவருக்குக் கூலி களத்து நெல்லில். தேவிகாபுரம் போகும் ரோட்டில் இருந்த அவர் பட்டறைக்கு அந்தக் கட்டைச் சுமந்து போகும் வேலை எனக்கு.

"உன்னுது எங்கடி?" என்றாள் பெரியம்மா.

"எனக்கு புதுசு கீதுக்கா" என்று அம்மா சொல்லியிருக்கக்கூடாது. பெரியம்மா அதை எடுத்து, வேலியோரம் போய், வலக்கையால் ஒரு பிடி புல்லை இழுத்தாள். இன்னொரு பிடி இழுத்தாள். பிறகு என்னையும் அம்மாவையும் பார்த்துச் சிரித்தாள்.

"வழுக்கிகினு போவுதுடி! உன் வூட்டுக்காரு பட்டு நூலு அறுக்கறதுக்கா செஞ்சாரு? இத்த எடுத்துகினு நாளைக்கு வந்து நிக்காத, ஆமா. உனக்கு இதான் கடைசி போகம், ஞாபகம் வெச்சிக்கோ."

இது இடக்கைக்குச் செய்தது என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இடக்கைக்கென்றே ஓர் அரிவாள் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பினால், அது நிலத்துக்காரர் வீட்டுக்குப் போக ஒரு நாள் போதும். அதனால் வாயில் வந்த ஒரு பொய்யைச் சொன்னாள்.

"இன்னும் வேலை முடியலக்கா. ஆசாரியாண்ட ஒரு வாட்டி காட்டணும்."

பெரியம்மா போய்விட்டாள். அம்மா அரிவாளைக் கூரையில் செருகிவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். ஏழு அரிவாள் கட்டோடு வாசலில் நின்றிருந்த நான் அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டேன். வேலை முடியவில்லை, ஆசாரியிடம் காட்டணும். யாரிடமும் எதையும் விசாரிக்காமல் கூரையிலிருந்து எட்டாவது அரிவாளை உருவிக் கட்டுக்குள் செருகினேன்.

கொல்லர் ஏழையும் பார்க்காமலே ஒதுக்கினார். எட்டாவதில் அவர் கை நின்றது.

"எந்த மேதாவி போட்ட கருக்கு பாப்பா இது? பல்லு அந்தாண்டப் பக்கம் கீது!"

"எங்கப்பா" என்றேன்.

"உங்கப்பா இன்னா வேலை?"

"சாயப்பட்டறை."

"அதான் கலரு மட்டும் ஜோரா கீது" என்றார். பட்டறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் காது இரண்டும் சுட்டன. அப்பாவுக்காக நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அதோடு, இந்த அவமானத்தை அவர் காதுக்குப் போகாமல் நான் ஒருத்தியே சரிசெய்துவிடப் போகிறேன் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. கொல்லர் நல்ல மனிதர். ஏழோடு எட்டாக அதையும் உலையில் போட்டார். கத்தரிப்பூ நிறம் என் கண்ணெதிரே கருத்து, பிறகு சிவந்தது. அப்பா வெட்டிய பற்களைச் சம்மட்டியால் அமுக்கி மொழுக்கென்று ஆக்கினார். மறுபக்கம் திருப்பி, உளியை வைத்து, டக்டக்கென்று ஒரே சீராகப் புதுப் பற்களை இறக்கினார். அப்பாவுக்கு ஒரு நாள் ஆன வேலை அவருக்கு ஒரு பீடி நேரம்.

வீட்டுக்கு வந்ததும் அரிவாளை அம்மாவிடம் நீட்டினேன். "ஆசாரி சரி பண்ணிக் குடுத்துட்டாரும்மா. அப்பா கருக்க மாத்தி போட்டுட்டாராம்."

அம்மா கட்டைவிரலால் பற்களைத் தடவினாள். திருப்பினாள். அந்தப் பக்கத்தையும் தடவினாள். அவள் முகத்தில் எதையும் என்னால் படிக்க முடியவில்லை. பின்னால் அப்பா வந்து சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அப்பாவாண்ட சொல்லாத" என்றாள் மெதுவாக.

எனக்குப் புரிந்தது என்று தலையாட்டினேன். அப்பாவின் மனம் நோகக்கூடாது. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை, அறுப்பின் முதல் நாள். அம்மா இருட்டும்போது திரும்பி வந்தாள். கொப்புளம் உடைந்த இடது உள்ளங்கையில் புடவைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"எப்டி அறுக்குது?"

"நல்லா அறுக்குதுங்க" என்றாள் அம்மா. "சும்மா வெண்ணெய் மாதிரி."

நான் பூரித்துப்போனேன். வெண்ணெய் மாதிரி அறுத்தது யாரால் என்று மூன்று பேரில் இரண்டு பேருக்குத் தெரியும், ஆனால் சொல்லக்கூடாது. அப்பா அரிவாளை வாங்கி விளக்கண்டை கொண்டுபோனார். பிறகு விளக்கு வெளிச்சத்தை நம்பாதவர் போல அதைத் தள்ளிப் பிடித்தார். கத்தரிப்பூ நிறம் இருந்த இடத்தில் கரி நிறம் இருந்தது. அதைப் பார்த்தார். அம்மாவின் கைக்கட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"பிடி கொஞ்சம் ஆடுது" என்றார். "இறுக்கித் தரேன். நாளைக்கு ஒரு நாள் பழசை எடுத்துகினு போ."

பிடி ஆடவில்லை. அதை நான் கொல்லர் பட்டறையிலிருந்து வரும் வழியெல்லாம் ஆட்டிப் பார்த்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலைக்குப் போகவில்லை. அமாவாசை அல்லாத ஒரு நாளில் அவர் வீட்டிலிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிற வரையில் அதுதான் முதல் தடவை. அம்மா போனதும் குழியில் கரியைக் கொட்டிக் காற்றாடியைச் சுற்றினார். அரிவாளைச் சிவக்கக் காய்ச்சினார். கொல்லரின் அழகான சீரான பற்களை அடித்து அமுக்கினார். என்னால் தாங்க முடியவில்லை.

"ஏம்ப்பா, நல்லாதானே கீது! அம்மாவே வெண்ணெய் மாதிரின்னு சொல்லிச்சே!"

"சொல்லிச்சு" என்றார் அப்பா.

மறுபடியும் அந்தத் தப்பான பக்கத்தைத் திருப்பினார். உளியை வைத்தார். அவருடைய பற்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக, குழந்தைப் பல் போல விழுந்தன. நான் கோபத்தோடு முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றேன். ஒரு மனிதருக்குத் தான் செய்ததுதான் சரி என்ற பிடிவாதம் இந்த அளவுக்கா இருக்கும் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கடலை எண்ணெய் வாசனை வந்தது. பக்கத்து வீட்டுக்காரி இம்முறை தலையை நீட்டவில்லை. பிறகு வெயிலில் இரும்புப் பட்டை வந்தது, வைக்கோல் வந்தது, பழுப்பு வந்தது, கத்தரிப்பூ வந்தது. அப்பா அதை எண்ணெயில் போட்டார்.

அரிவாளைக் கோணித் துண்டில் சுற்றி என்னிடம் கொடுத்தார். கூழ்த் தூக்குச்சட்டியை மறு கையில் கொடுத்தார்.

"அம்மா கையில குடு. பெரிம்மா கேட்டாலும் குடுக்காத."

வழியில் ஒரு கால்வாய் உண்டு. அதன் பாலத்தில் நின்று, கோணியைத் தண்ணீரில் போட்டுவிட்டு வழியில் தவறிவிட்டது என்று சொல்லலாமா என்று யோசித்தேன். பழைய அரிவாளாவது ஒழுங்காகக் கருக்குப் போட்டது. அம்மாவின் இடம் போய்விடக்கூடாதே என்பதுதான் என் கவலை. போடவில்லை. கோணி எங்கே என்று அப்பா கேட்பார் என்ற பயம் தவிர வேறு காரணம் எனக்கு ஞாபகமில்லை.

வயலில் ஏழு வரிசைகள் முன்னே போயிருந்தன. எட்டாவது, இரண்டு மாட்டுவண்டி நீளத்துக்குப் பின்னால். அதில் அம்மா. நான் வரப்பில் உட்கார்ந்து கோணியைப் பிரித்தேன்.

"அப்பா மறுபடியும் கெடுத்துட்டாரும்மா" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அரிவாளைத் திருப்பிப் பார்த்தாள். வெயிலில் அது மினுங்கியது. பிறகு அவள் சிரித்தாள். சத்தம் வராமல், வாயைப் புடவையால் மூடிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"உங்கப்பாவுக்கு தெரிஞ்சிடுச்சா?"

"இன்னா தெரியணும்?"

"ஒண்ணுமில்ல. கூழ ஊத்து."

இரண்டு சொம்பு குடித்தாள். கைக்கட்டை அவிழ்த்து மறுபடியும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வரப்பில் யாரும் இல்லை என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அரிவாளை இடக்கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

நான் நிழலில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் வித்தியாசம் தெரியவில்லை. பிறகு சத்தம் மாறியது. மூன்று இழுப்புக்கு ஒரு பிடி விழுந்தது போய், சரக் என்று ஓர் இழுப்புக்கு ஒரு பிடி விழுந்தது. அம்மா இடுப்பை நிமிர்த்தவே இல்லை. இரண்டு வண்டி நீளம் ஒரு வண்டி நீளமானது. நிழல் வரப்பைத் தாண்டிச் சாய்ந்தபோது எட்டு முதுகுகளும் ஒரே கோட்டில் இருந்தன. அதன்பிறகு எட்டாவது முதுகு கோட்டுக்கு ஓரடி முன்னால் போனது.

பெரியம்மா நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாடி, பேய் புடிச்சிகிச்சா உன்ன? மெதுவா போ, கதிரு ஒண்ணும் ஓடிடாது! மாசிக்கும் இதே மாதிரி வந்து அறு, அப்ப பாக்கறேன்."

மாசிக்கும் என்றாள், அடுத்த அறுப்புக்கும். எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவள் அரிவாளைக் கீழே தாழ்த்தித் தாளுக்குள் மறைத்துக்கொண்டு, என் பக்கம் ஒரு கண் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"எம்பொண்ணு கூழ் எடுத்தாந்து குடுத்தாக்கா. அந்தத் தெம்புதான்."

அப்படியா என்று நான் எழுந்து நின்றேன். அது எனக்கு உடனே சரியாகப் பட்டது. அரிவாள் கெட்டுப்போயும் அம்மா முந்திவிட்டாள் என்றால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

மறுநாள் பள்ளிக்கூடம். ஆனாலும் விடிவதற்குள் எழுந்து கூழை நானே கரைத்தேன், நேற்றையதைவிடக் கெட்டியாக. அம்மா தூக்கை எடுத்துக்கொண்டாள். வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா என் கையையும் தூக்கையும் மாறிமாறிப் பார்த்தார். உப்புப் போட்டாயா என்று மட்டும் கேட்டார்.